பிய்யாத தோல்

சுவரில் இருந்த ரப்பர் தோல் உப்பியிருந்தது. காலையில் தட்டையாகத்தான் கிடந்தது, பிரஷாந்தினிக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது எண்ணெயில் போட்ட பூரி மாதிரி எழும்பி நின்றது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மடிக்கணினிக்குத் திரும்பினாள்.

எஹலியகொடவுக்கு மேலே, மலையை ஒட்டித் தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசை வீடுகளாகக் கட்டிய லயம் அது. முன்பொரு பெருமழையில் மண் சரிந்து பின்லயத்தை அப்படியே விழுங்கிவிட்டது. அவள் தம்பி ஜனகன் அன்று அங்கேதான் கேரம் விளையாடிக்கொண்டிருந்தான். அவனையும் இன்னும் பலரையும் தோண்டி எடுக்கவே முடியவில்லை.

இந்த மழைக்கு இவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறைக் காம்பராவின் பின்சுவரும் வெடித்தது. விரிசலின் குறுக்கே காகிதம் ஒட்டி, அது கிழிகிறதா என்று பார்ப்பதுதான் வழக்கம். ஈரத்தில் காகிதம் நிற்கவில்லை. அம்மா பரிமளம் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவள். வாளியில் மிஞ்சிய ரப்பர் பாலைக் கொண்டுவந்து விரிசல் நெடுகப் பூசிவிட்டாள்; அது காய்ந்து தோலாக ஒட்டிக்கொண்டது. இது பிய்ந்தால் கிளம்புகிறேன், அதுவரைக்கும் மண்ணுக்குள் கிடக்கிற என் பிள்ளையை விட்டு வரமாட்டேன் என்றாள். பிரஷாந்தினியும் சரி என்று தலையாட்டிவிட்டாள். படித்த பெண்! ரப்பர் அவ்வளவு லேசில் பிய்ந்துவிடுமா?

லயத்தில் மற்ற எல்லோரும் மத்தியானமே பாதுகாப்புக்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள்.

அவள் ஆராய்ச்சி செய்வது துடிக்கும் ஒரு நட்சத்திரத்தை. அது உப்பும், சுருங்கும், மறுபடி உப்பும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தில் பரம சாது. விண்வெளித் தொலைநோக்கி எக்ஸ்ரேயில் பார்த்தபோதுதான் அதன் குணம் தெரிந்தது: முழுசாக உப்பி முடித்து ஓயும் வேளையில் திடீரென்று சீறுகிறது. ஏன் என்பது இன்னும் உறுதியாகவில்லை. திரையில் நெடுநேரம் சோம்பிக் கிடந்த புள்ளிகள் அந்த ஓரிடத்தில் மட்டும் செங்குத்தாக ஏறியிருந்தன.

தகரக் கூரையில் மழை ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது; அந்த இரைச்சலுக்கு அடியில், புளித்த ரப்பர் பால் வாடைக்கும் பச்சை மண் வாடைக்கும் நடுவே, யாரோ வாயை மூடிக்கொண்டு மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வருவதும் அடங்குவதுமாக இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். தோல் தட்டையாகிக் கிடந்தது. தண்ணீர் என்றால் எங்கே போயிற்று? தரை காய்ந்திருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி எழும்பியது. முன்னைவிடப் பெரிதாக.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, வாங்க போயிருவோம். மலை இறங்கப் போகுது."

பரிமளம் அசையவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோலு பியலையே புள்ள."

"அது பியாதும்மா. இழுபடும். எம்புட்டு வேணும்னாலும் இழுபடும்."

கரண்ட் போனது. மடிக்கணினியின் வெளிச்சம் மட்டும் சுவரில் விழுந்தது. வெளியே பொழுது இன்னும் சாயவில்லை, ஆனாலும் மழை இருட்டு ஜன்னலை அடைத்திருந்தது. தோல் எழும்பியது. அடங்கியது. எழும்பியது.

பிறகு அடங்கவில்லை.

முழுசாக உப்பி நின்றது. மூச்சுச் சத்தமும் நின்றது. ஓய்ந்துவிட்டது. அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். ஓய்ந்ததும் சீறும்.

பரிமளம் எழுந்துபோய் அந்த உப்பலின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சுடுது," என்றாள். அவள் முகத்தில் வெகுகாலமாகக் காணாத சிரிப்பு.

உள்ளேயிருந்து ஐந்து விரல்கள் எழும்பின. அம்மாவின் விரல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் புகுந்தன. இறுக்கின. பிரஷாந்தினி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தாள். கை வரவில்லை. தோல்தான் நீண்டது.

பக்கத்தில் இன்னொரு கை. அதற்கு மேலே ஒரு நெற்றி, மூக்கு, திறந்த வாய். அப்புறம் இன்னொன்று. விரிசல் நெடுக, தரையிலிருந்து கூரைவரை, பின்லயத்து முகங்கள்.

தோல் பிய்யவில்லை.