நாலு விரல் ஜீ

றுவைஸ் கம்பிகளின் மேல் இரண்டு விரல்களைத்தான் வைத்திருந்தான். கிற்றாரில் நாலு விரல்களின் ஒலி வந்தது.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து, உட்துறைமுக வீதி வீட்டு விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, பாடம் ஓடும் கைப்பேசியைச் சுவரில் சாத்திவைத்து அவன் பழகிக்கொண்டிருந்தான். ஜீ என்று ஒரு கோர்ட், நாலு விரல் சேர்த்து அமத்தும் சுரக்கூட்டு. மேலே தடித்த கம்பிகளில் முதல் இரண்டு விரல்கள். அது சரிவந்த பிறகு, கீழே மெல்லிய கம்பிகளில் மோதிர விரலும் சின்ன விரலும். தோணி இன்ஜின் தூக்கிக் காய்த்த கைக்கு முதல் இரண்டு விரலுக்கே மூன்று நாள் பிடித்தது. கருவாடு காயும் மணம், கடற்படைப் படகொன்றின் தூரத்து உறுமல், குசினியில் மனைவி றம்லா தேங்காய் திருவும் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஒலி நிறைந்து நின்றது.

தேங்காய் திருவும் சத்தம் நின்றுபோனது.

கிற்றார் நிப்றாஸினுடையது. றம்லாவின் முதல் கணவன், றுவைஸின் தோணிக் கூட்டாளி. இரண்டு வருடத்துக்கு முன், கொட்டியாரக் குடாவில் வெடி போட்டு மீன் பிடிக்கப் போன காலையில், வெடி அவன் கையிலேயே வெடித்தது. இடது கை கிடைக்கவில்லை. அது இல்லாமலேயே மையத்தைக் குழியில் அடக்கினார்கள். வெடித் திரியை, எறியமுன் வெடிக்கும் அளவுக்குக் கட்டையாக வெட்டியது நிப்றாஸ்தான் என்று றுவைஸ் எல்லோரிடமும் சொன்னான். அந்தச் சொல்லை நம்பித்தான் றம்லா அவனைக் கட்டினாள். தோணி வந்தது, வீடு வந்தது, அவளும் வந்தாள். இந்த ஒலி மட்டும்தான் பாக்கி.

"திரியை நாலு விரல் நீளம் விட்டு வெட்டு மச்சான்" என்றுதான் அன்று நிப்றாஸ் சொன்னான், தண்ணீரைப் பார்த்தபடியே. றுவைஸ் இரண்டு விரல் விட்டான். தெரிந்தே விட்டான்.

மறுபடி கம்பிகளைத் தடவினான். அதே ஒலி. குனிந்து பார்த்தான். மெல்லிய கம்பிகள் இரண்டும் மரத்தோடு ஒட்டி அழுந்தியிருந்தன. அவற்றின் மேல் ஒன்றும் இல்லை. அழுந்திய இடத்தில் தண்ணீர் துளிர்த்தது. வெடிமருந்து மணத்தது.

"எப்ப நாலு விரலும் பழகினீங்க?" றம்லா குசினி வாசலில் நின்றாள். "இது அவர்ர ஜீ."

"இப்பதான்" என்றான். கையை எடுக்கப் பார்த்தான். ஏலவில்லை. புறங்கையின் மேல் ஈரமான, குளிர்ந்த ஒரு உள்ளங்கை படிந்திருந்தது.

அவள் கிட்ட வந்து, கம்பியில் இருந்த விரல்களை எண்ணினாள். இரண்டு. அழுந்திக் கிடந்த மற்றக் கம்பிகளைப் பார்த்தாள். பிறகு, முன்பு ஒரு தரம் கேட்டதையே மெதுவாகக் கேட்டாள்.

"அண்டைக்குத் திரி வெட்டினது ஆர்?"

பிடி தளர்ந்தது. காத்திருந்தது.

"நிப்றாஸ்தான்."

பிடி இறுகியது. கம்பி விரல்களின் தோலுக்குள் இறங்கியது. தசைக்குள். எலும்பில் தொட்டு, நின்று, அராவியது.

"நான்தான்" என்று அலறினான். "ரெண்டு விரல்தான் விட்டன். றம்லா, இழுத்துவிடு."

அவள் அசையவில்லை.

"இன்னும் அமத்துங்க" என்றாள்.

அவனிடம் அல்ல.

கிற்றார் தரையில் விழுந்தது. றுவைஸ் சுவரோரம் சரிந்தான். கிற்றாரின் கழுத்தில், வைத்த இடத்திலேயே, அவனுடைய அறுந்த இரண்டு விரல்களும் கம்பியை அழுத்திக்கொண்டு கிடந்தன. கீழே மெல்லிய கம்பிகள் இரண்டும் அழுந்தியபடியே. யாரும் தடவாமல், ஜீ ஒலித்தது.