சட்டைப் பையில் ஒரு சிவப்பு அம்பு

மழை சொல்லிக்கொண்டு வரவில்லை.

திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் ஆஷா பஸ்ஸை விட்டு இறங்கியபோது வானம் சும்மா முறைத்துக்கொண்டுதான் இருந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் கொட்ட ஆரம்பித்துவிட்டது. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி, பேக்கரியின் தகரக் கூரைக்கு அடியில் புகுந்தாள். புகுந்த வேகத்தில் அங்கே நின்றிருந்த ஒருவன் மேல் மோத... அவன் கையிலிருந்த தேங்காய் பன் எகிறிப் போய்த் தண்ணீரில் விழுந்தது.

"அய்யய்யோ... சாரிங்க!"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவள் போன் அடித்துவிட்டது.

போனில் ஜெயசுதா. பனியன் கம்பெனியில் ஆஷாவோடு ஒரே செக்கிங் டேபிளில் நிற்பவள்.

"என்னடி விருந்தாளி... பத்திரமா ஊடு போய்ச் சேந்துட்டியா?"

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? எல்லாம் அந்த ரேடியோக்காரனைச் சொல்லணும்! அந்த வேல்குமார் மட்டும் என் கையில கெடைக்கட்டும்... மைக்கைப் புடுங்கி அவன் தலையிலயே போடுறேன் பாரு!"

பக்கத்தில் நின்றவன் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டான். ஏனென்றால்... அந்த வேல்குமார் அவன்தான்.

நொய்யல்கரை வானொலியில் சனிக்கிழமைதோறும் 'ஊர்ப் பேச்சு'. சாக்கடை, பஸ், பள்ளிக்கூடம், கோயில் நோம்பி, கும்மி என்று ஊரைப் பற்றி ஊரே போன் போட்டுப் பேசும் நிகழ்ச்சி. கம்பெனிகளில் மெஷின் சத்தத்தையும் மீறி ஸ்பீக்கரில் ஓடும். வேல்குமாரின் குரல் தெரியாத டெய்லர் கிடையாது. முகம் தெரிந்தவர்கள்தான் ரொம்பக் கம்மி.

போன சனிக்கிழமை டீ பிரேக்கில் ஆஷா அதற்குப் போன் போட்டாள். அவர்கள் குடியிருப்பது லைன் வீடு. வரிசையாக வீடுகள்... எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாய். அதில் கொஞ்ச நாளாகக் காற்றுதான் வந்தது. அதைச் சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவள் பேச்சில் சாத்தூரும் கூடவே வந்துவிடும்.

"பேச்சு சாத்தூர்ப் பக்கமாட்டம் இருக்குதுங்களே!" என்று சிரித்தான் வேல்குமார். "விருந்தாளிங்க தவிச்சுக் கெடந்தா எங்கூருக்குத்தானுங்க கெட்ட பேரு. சீக்கிரம் தண்ணி வந்துருமுங்க... அடுத்த நேயர் யாருங்க?"

அவ்வளவுதான். தண்ணீர் பேச்சு காணாமல் போனது. 'விருந்தாளி' மட்டும் மிஞ்சியது. கம்பெனியில் அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் பெயர்.

கிண்டலைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அம்மா ராமாயியைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டிலிருந்தே துணிக்குப் பிசிறு வெட்டிக் கொடுப்பவள் அவள். கத்தரிக்கோலும் ரேடியோவும்தான் அவளுக்குத் துணை. அன்று கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "விருந்தாளின்னு ஊரே சொன்னப்புறம் இங்கன எதுக்குத்தா கெடக்கணும்? தீபாவளி கழிச்சு சாத்தூருக்கே போயிருவோம். மாமன்கிட்ட வீடு பாக்கச் சொல்லிட்டேன்."

அம்மா இடுப்பில் உட்கார்ந்து இந்த ஊருக்கு வந்தவள் ஆஷா. படித்தது, சண்டை போட்டது, முதல் சம்பளம் வாங்கியது எல்லாம் இங்கேதான். சாத்தூரில் அவளுக்குத் தெரிந்தது மாமா வீடும் பஸ் ஸ்டாண்டும் மட்டும்தான். அங்கே போய் என்ன செய்வது?

போனை வைத்தவள், பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள்.

"நீங்களே சொல்லுங்க... இடுப்புக் கொழந்தையா வந்தவளைப் பாத்து விருந்தாளின்னு சொல்லலாமா?"

அவன் திருதிருவென்று விழித்தான். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். வேறு வழி தெரியாமல் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினான்.

"அச்சச்சோ... பேச வராதா?"

ஒரு நொடியில் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஓடிப்போய் இன்னொரு தேங்காய் பன் வாங்கிவந்து அவன் கையில் வைத்தாள். "சாப்...பிடுங்...க!" என்று கத்தினாள். பேச வராதவருக்குக் காதும் கேட்காது என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

வேல்குமார் பன்னைச் சாப்பிடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மழையில் கண் மை லேசாகக் கரைந்திருந்தது. இமைகளில் இரண்டு மூன்று துளிகள் விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றன. போன வாரம் கேட்ட அந்தக் கோபக் குரலுக்கு இப்படி இரண்டு கண்கள் இருக்கும் என்று அவன் நினைத்தே பார்க்கவில்லை...

"அவன் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லீங்க" என்றாள் அவள், மழையைப் பார்த்தபடி. "மரியாதையாத்தான் சொன்னான். அதான் வலிக்குது. விருந்தாளிக்கு நல்லாத்தான் பரிமாறுவாங்க... ஆனா எப்பக் கெளம்புவாங்கன்னு கடிகாரத்தையும் பாத்துக்கிட்டே இருப்பாங்கள்ல?"

அவன் நெஞ்சில் நறுக்கென்றது. 'எங்க பக்கம் விருந்தாளின்னா மரியாதை' என்று சனிக்கிழமையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்.

மழை தூறலானது. "நான் வாரேங்க" என்று தலையாட்டிவிட்டு அவள் இறங்கினாள். ரோடு தெரியாமல் தண்ணீர் நின்றது. அவள் கால் வைக்கப்போன இடத்தில்...

"ஏனுங்க! அங்க கால் வெச்சுப்போடாதீங்க! சாக்கடைக்கு மூடி இல்லீங்க!"

ஒற்றைக் கால் அந்தரத்தில் நிற்க, ஆஷா அப்படியே நின்றாள். அந்தக் குரல்... சனிக்கிழமைதோறும் ஸ்பீக்கரில் கேட்கிற அதே குரல். மெதுவாகத் திரும்பினாள்.

"நீ... நீங்களா?"

"ஆமாங்க" என்றான் வேல்குமார். பன்னை எங்கே ஒளிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. "மூடி இல்லீன்னு ரேடியோல மூணு தடவ சொல்லிட்டனுங்க..."

"பேச வராதுன்னீங்க?"

"நான் எங்கீங்க சொன்னேன்? தொண்டையத் தொட்டேன்... நீங்களா முடிவு பண்ணிட்டீங்க."

"முடிவு பண்றதுக்கு உங்ககிட்டதான் படிக்கணும்! பேச்சைக் கேட்டே நான் எந்த ஊருன்னு முடிவு பண்ணவராச்சே!"

அவனுக்குப் பேச்சு நிஜமாகவே வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மன்னிச்சுக்கோங்க. தப்புத்தானுங்க."

ஆஷா இடுப்பில் கை வைத்தாள். "சிரிச்சது ஊருக்கே கேட்டுச்சு. மன்னிப்பு மட்டும் என் காதுக்கா?"

"ரேடியோல எப்படீங்க... நான் நிகழ்ச்சி நடத்துறவன். கேக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"என்னைய என்ன நெனப்பாங்கன்னு நீங்க நெனச்சீங்களா?"

அவளுடைய இடது மணிக்கட்டில் சின்னச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. செக்கிங் பெண்கள் எல்லோர் கையிலும் இருக்கும். பனியனில் பிழை எங்கே இருக்கிறதோ அங்கே அம்பை ஒட்டுவார்கள். பீஸ் தைத்தவரிடமே திரும்பிப் போகும். சரி செய்து வந்த பிறகுதான் 'பாஸ்' என்று சொல்லி அம்பை உரிப்பார்கள். ஆஷா ஒன்றைப் பிய்த்து, சட்டென்று அவன் சட்டைப் பையில் ஒட்டினாள்.

"மிஸ்டேக் இங்கன இருக்கு. சரி பண்ணிட்டு வாங்க."

போய்விட்டாள். சாக்கடையைத் தாண்டி, விசுக் விசுக்கென்று... திரும்பியே பார்க்கவில்லை. தெருமுனையில் ஒரே ஒரு தடவை பார்த்தாளே, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வேல்குமாருக்கு அந்த வாரம் சரியாகவே போகவில்லை. தப்பைச் சரி பண்ணுவது என்ன பெரிய வேலையா? மைக்கைப் போட்டு ஒரு வார்த்தை சொன்னால் ஆயிற்று. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு வாய் வரவேண்டுமே! தினம் ஒரு சட்டை மாற்றினான். அம்பை மட்டும் பழைய சட்டையிலிருந்து உரித்துப் புதிய சட்டையில் ஒட்டிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அப்பாவைக் கேட்டான்.

"ஏனுங்கப்பா... நாம சென்னிமலையிலிருந்து இந்த ஊருக்கு எப்ப வந்தோமுங்க?"

"உனக்குப் பல்லு மொளைச்ச வருசம் கண்ணு. தறிய வித்துப்போட்டு, முருகன் படத்த எடுத்துக்கிட்டு பஸ் ஏறுனோம். வழியெல்லாம் உங்கம்மா இடுப்புல நீ ஒரே அழுகை."

கையிலெடுத்த சோறு வாய்க்குப் போகாமல் நின்றது. இடுப்பில்... அவளும்தான். அப்படியென்றால் இத்தனை நாளும் எந்த உரிமையில் 'எங்கூரு, எங்கூரு' என்று மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தான்? அவனுக்கே வெட்கமாகப் போயிற்று.

சனிக்கிழமை. செக்கிங் டேபிளில் பனியன் குவிந்து கிடந்தது. ஆஷா தலையைக் குனிந்தபடி வேலை செய்தாள். காது மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் ஸ்பீக்கர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. வாரம் முழுக்க இப்படித்தான். திட்ட வேண்டும் என்று நினைத்தால், பன்னை வைத்துக்கொண்டு அவன் விழித்த விழிதான் ஞாபகம் வந்து தொலைக்கிறது...

"வணக்கமுங்க. இன்னிக்கு மொத நேயர் நாந்தானுங்க" என்றது குரல். வழக்கமான சிரிப்பு அதில் இல்லை. "போன தடவ ஒரு தப்புப் பண்ணிட்டேன். தண்ணி கேட்டு ஆஷான்னு ஒருத்தர் பேசுனாங்க. நான் பிரச்சனையக் கேக்காம பேச்சைக் கேட்டுச் சிரிச்சுப்போட்டேன். விருந்தாளின்னும் சொல்லிட்டேன். நானும் இடுப்புக் கொழந்தையா இந்த ஊருக்கு வந்தவந்தானுங்க. நாங்க முந்துன பஸ்ஸுல வந்தோம், அவங்க அடுத்த பஸ்ஸுல வந்தாங்க. அவ்வளவுதானுங்க வித்தியாசம். திருப்பூர் ஆஷா... ஊருக்கே கேக்கட்டும். என்னைய மன்னிச்சுக்கோங்க."

டேபிளில் ஒருத்தி கையும் ஓடவில்லை. ஜெயசுதா ஆஷாவின் இடுப்பில் கிள்ளினாள். "ஏண்டி... அழறியா?"

"தூசி!"

"அடுத்த நேயர் யாருங்க?"

"ராமாயி பேசுறேன்யா. ஆஷாவோட அம்மா."

"அய்யோ அம்மா!" ஆஷா கையிலிருந்த பனியனால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நல்லாருய்யா. மன்னிப்பு கெடக்கட்டும், அது எங்கிட்டுப் போகப்போவுது? முதல்ல கொழாயைப் பேசு. கொடத்தைத் தூக்கிக்கிட்டு அடுத்த தெருவுக்கு நடக்குறோம். இது எங்க ஊரு, நாங்கதான் கேக்கணும். இன்னொண்ணு... ஏலே தம்பி பாண்டித்துரை, கேக்குதா? அங்கன வீடு பாக்க வேணாம்! நாங்க வரல!"

நொய்யல்கரை வானொலி அவிநாசியைத் தாண்டினாலே கரகரவென்று இழுக்கும். சாத்தூரில் இருக்கும் தம்பிக்கு எப்படிக் கேட்கும் என்று ராமாயி யோசிக்கவேயில்லை. கம்பெனியே கை தட்டியது. முகத்திலிருந்த பனியனுக்குள் ஆஷா அழுதாளா சிரித்தாளா... இரண்டும்தான்.

அதன் பிறகு நிகழ்ச்சி முடியும்வரை தண்ணீரைத் தவிர வேறு பேச்சில்லை. வார்டு ஆபீசிலிருந்தே போன் வந்தது. குழாயைப் பார்க்க ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லைன் வீட்டு வாசலில் ஒரு பைக் நின்றது. கையில் ரெக்கார்டர், சட்டைப் பையில் ஓரம் சுருண்டுபோன சிவப்பு அம்பு. குழாயைச் சரிசெய்தார்களா என்று அங்கே குடியிருக்கும் பெண்களின் வாயாலேயே பதிவு செய்ய வந்திருக்கிறானாம். ரெக்கார்டரைக் கண்டதும் அவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். குழாய் சொட்டுச் சொட்டாக ஆரம்பித்து இப்போது விரல் கனத்துக்கு ஊற்றுகிறது, அதற்குள் இரண்டு சண்டை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

எல்லோரும் பேசி ஓய்ந்ததும் ராமாயி வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஆஷா, விருந்தாளிக்குக் காப்பி கொண்டா!" சொல்லிவிட்டுக் குடத்தோடு குழாயடிக்குப் போய்விட்டாள்.

காபியோடு வந்தவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"கேட்டீங்களா? விருந்தாளின்னுட்டாங்க எங்கம்மா. வலிக்குதா?"

"நெம்ப வலிக்குதுங்க."

"வலிக்கட்டும், வலிக்கட்டும்."

மறுபடி தூறல் போட்டது. வேல்குமார் ரெக்கார்டரை அணைத்தான். அணைந்துவிட்டதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டான்.

"மன்னிப்பு ஊருக்கே கேக்கணும்னீங்க... கேட்டுட்டேன். இது ஊருக்கு வேண்டாமுங்க. உங்க காதுக்கு மட்டும்." மைக்கில் மணிக்கணக்காகப் பேசுகிறவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "எனக்கு... உங்களப் புடிச்சிருக்குதுங்க. பன்னு கீழ விழுந்தப்பவே... அந்த அம்பை நீங்க சரியான எடத்துலதான் ஒட்டிட்டுப் போனீங்க."

ஆஷா டம்ளரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றித் திண்டாடினாள். கன்னம் சூடாக இருந்தது. காபிச் சூடு கன்னத்துக்கு எப்படி ஏறும்?

"என்னங்க... உங்களுக்குப் பேச வராதுங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். கிட்டே வந்து, டேபிளில் பீஸைப் பார்ப்பதுபோல் அவன் சட்டைப் பையை உற்றுப் பார்த்தாள். நகத்தால் ஓரத்தைத் தூக்கி அம்பை மெதுவாக உரித்தாள்.

"பாஸ்" என்றாள்.

"அப்படீன்னா?"

"அப்படீன்னா... எனக்கும்தான்." கண்கள் கீழே பார்த்தன. "அன்னைக்கு மழை விட்டப்ப எவ்வளவு எரிச்சலா வந்துச்சு தெரியுமா? இன்னும் கொஞ்ச நேரம் பேஞ்சிருக்கக் கூடாதான்னு."

அவன் அவள் கையிலிருந்து காபியை வாங்கி ஒரே மூச்சில் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, டம்ளரை நீட்டினான். "அப்ப... நான் கெளம்பட்டுங்களா?"

உரித்த அம்பு அவள் விரல் நுனியில் ஒட்டியிருந்தது. அதைத் தூக்கிப் போட மனமில்லாமல் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டாள்.

"கெளம்புறது விருந்தாளிங்க" என்றாள் ஆஷா. "நீங்க இருங்க."