வீட்டின் இரண்டாவது மூச்சு

இசக்கி கரையேறிய மூன்றாம் நாள் அவள் அறைப் பக்கத்துச் சுவர் வெளுக்கத் தொடங்கியது. காலையில் கடலுடுப்பை மாட்டிக்கொண்டிருந்த பெர்னதெத் அதைக் கவனித்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கரும்பச்சையாக அசைந்துகொண்டிருக்க வேண்டிய பாசி, ஓரங்களில் வெந்த கீரையின் நிறத்துக்கு வந்திருந்தது.

தூத்துக்குடிக்குக் கிழக்கே நாற்பது மீட்டர் ஆழத்தில் இருந்த ஆழ்நகரில் எல்லா வீட்டுக்கும் பாசிச்சுவர்தான் காற்று. குடியிருப்பவர்கள் விடும் மூச்சைப் பாசி தின்னும். தின்றுவிட்டு நல்ல காற்றைத் திருப்பித் தரும். ஒரு வீட்டுக்கு ஒரே தொட்டி, இரண்டு பேர் அளவுக்குக் கட்டியது. ஒருவர் மூச்சுதான் கிடைக்கிறது என்றால் பாதிப் பாசி பட்டினியில் சாகும். செத்தது அழுகும். அழுகும்போது வீட்டில் இருக்கிற காற்றையும் அதுவே குடித்துவிடும். அதனால் தனி ஆளுக்கு அங்கே வீடு கிடையாது. இரண்டு பேர் சேர்ந்து, வாசலில் உள்ள மூச்சளவியில் ஆளுக்கொரு முறை ஊதிப் பதிந்தால்தான் வாடகை ஒப்பந்தம் செல்லும்.

பெர்னதெத்தும் இசக்கியும் ஓராண்டுக்கு ஊதியிருந்தார்கள். ஐந்து மாதம்தான் முடிந்திருந்தது.

இசக்கி நீரேற்றிகளைப் பழுதுபார்ப்பவள். கெட்டிக்காரி. ஆனால் சில மாதங்களாகச் சாப்பிடும்போதுகூட மேற்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பந்தல் காற்றாலையில் வேலை கிடைத்ததும் அழுதுவிட்டாள். "ஏட்டி, எனக்கு வானம் வேணும். உன்னை இப்படி நடுவுல விட்டுட்டுப் போறேனேன்னு இருக்கு."

"நீ போ ஏட்டி. ஆள் பாத்துக்கிடலாம்" என்று பெர்னதெத்தான் அவளை அனுப்பி வைத்தாள்.

சொன்னது போல் எளிதாக இல்லை. ஒப்பந்தத்தை இருவரும் சேர்ந்து வாசித்தபோதே அது தெரிந்தது. ஒருவர் காலத்துக்கு முன்பே வெளியேறினால், பதினைந்து நாளுக்குள் மாற்று ஆளைக் காட்ட வேண்டும். அந்த ஆளை நிறுவனம் ஏற்க வேண்டும். இல்லையென்றால் இருவர் பதிவும் ரத்து. பெர்னதெத் கரையேற வேண்டும். மறுபடி இறங்க மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். மாற்று ஆள் அமையும்வரை இசக்கிக்கும் விடுதலை இல்லை. அவள் மூச்சு ஆழ்நகர் வீட்டில் பதிந்திருக்கும்வரை முப்பந்தலில் அவளுக்கு வேலை நிரந்தரமாகாது.

பெர்னதெத்தால் கரையேற முடியாது. அவள் வீட்டுச் சன்னலுக்கு எதிரே இருந்த கடல்தரையில் அவள் கையால் ஒட்டு வைத்த பவளப்பூச்சிகள் நாலாயிரம் வளர்ந்துகொண்டிருந்தன. செத்துச் சுண்ணாம்பாகிப் போன திட்டு அது. பங்குனியில் அவை முதன்முறையாக முட்டையிட வேண்டும். அதுவரை தினமும் பாசி துடைக்க வேண்டும், நட்சத்திர மீன்களைப் பொறுக்கி எறிய வேண்டும். இப்போது புரட்டாசி.

மாற்று ஆட்கள் மூன்று பேர் கிடைத்தார்கள். ஆழ்மனை நிறுவனத்தின் மேலாளர் தனிஸ்லாஸ் மூவரையும் மறுத்தார்.

"முதல் ஆள் குறட்டை விடுறாங்க. மூச்சு சீரா இல்ல" என்றார்.

"ரெண்டாவது ஆள்?"

"உயரம் கூடுதல்."

"மூணாவது ஆள் என் உயரம்தான் சார். குறட்டையும் கிடையாது."

தனிஸ்லாஸ் சன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பவளத் திட்டு இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. "நல்ல காட்சி பெர்னதெத். மேலேருந்து வர்ற சுற்றுலாக்காரங்களுக்கு இந்த வீடு ரொம்பப் பொருத்தமா இருக்கும்னு தலைமையகத்துல நினைக்காங்க. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

அந்தக் காட்சியை உண்டாக்கியதே பெர்னதெத்தான் என்பது அவருக்கும் தெரியும்.

ஒன்பதாம் நாள் சுவரில் பாதி மஞ்சளாகிவிட்டது. காலையில் எழுந்தால் தலை கனத்தது. பெர்னதெத் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு பொதுச் சமையற்கூடத்துக்குப் போனாள். அங்கே சரக்கறையை ஒட்டிய சுவரைக் கண்டு அப்படியே நின்றாள். ஆழ்நகரில் எங்குமே அவள் பார்த்திராத பச்சை. கிட்டத்தட்டக் கறுப்பு.

"அக்கா, இந்த அறையில யாரு தங்குறா?"

சமையற்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் சம்மனசு அக்கா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "யாரும் இல்லம்மா. காளான் வளத்திருக்கேன்."

"காளானா? செடி இருந்தா பாசிக்குப் போட்டிதானே?"

"காளான் செடியா என்ன? அது நம்மள மாதிரிதான். காத்தை இழுத்து மூச்சு விட்டுக்கிட்டே கெடக்கும். அந்த மூச்சைக் குடிச்சுத்தான் இந்தச் சுவர் இப்படிக் கொழுத்துப்போயிருக்கு."

பெர்னதெத் கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போனாள். சிப்பிக்காளான் பைகள் வரிசையாகத் தொங்கின. ஒரு பையை எடை பார்த்தாள், அங்கிருந்த மூச்சளவியில் காட்டினாள், கணக்குப் போட்டாள். ஒரு மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுக்கு ஈடாக எழுபது பைகள் வேண்டும். சம்மனசு அக்காவால் முப்பது கொடுக்க முடியும். மீதி நாற்பதுக்கு வைக்கோலும் இல்லை, நாளும் இல்லை.

பேசுதிரையில் இசக்கியைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இசக்கி ஒரே கேள்வி கேட்டாள்: "காளான் வேர் முழுக்க ஓடி, முளைக்கத் தயாரா இருக்கிற பைதானே வேணும்?"

பதினோராம் நாள், கரையிலிருந்து ஆள் இறக்கும் கூண்டான இறக்கியின் கதவு திறந்தபோது, வெயிலில் கறுத்த முகத்துடன் இசக்கி நின்றாள். சுற்றிலும் எட்டு சாக்கு. நாகர்கோவில் பக்கம் காளான் பண்ணை ஒவ்வொன்றாக ஏறி இறங்கியிருக்கிறாள்.

"வேலைக்குச் சேந்து பத்து நாளுல லீவா?" என்றாள் பெர்னதெத்.

"நான் வீட்டை விட்டுத்தான் போனேன். உன்னை விட்டுட்டுப் போகலட்டி. சாக்கைப் பிடி."

இருவருமாக இசக்கியின் பழைய அறையில் எழுபது பைகளையும் தொங்கவிட்டார்கள். படுக்கை இருந்த இடத்தில் ஒன்பது வரிசை. குடை விரியுமுன் பறித்துவிட வேண்டும், இல்லையென்றால் அதன் தூள் நெஞ்சுக்கு ஆகாது என்று சம்மனசு அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். பன்னிரண்டாம் நாள் மஞ்சள் பரவுவது நின்றது. பதின்மூன்றாம் நாள் ஓரத்தில் பச்சைப் புள்ளிகள். பதினைந்தாம் நாள் காலை பெர்னதெத் தலைவலி இல்லாமல் எழுந்தாள்.

தனிஸ்லாஸ் ரத்து ஆணையுடன் வந்தார். உள்ளே எத்தனை பேர் மூச்சு என்று காட்டும் வாசல் மூச்சளவியைப் பார்த்தார். 'இரண்டு' என்றது. கருவியைத் தட்டிப் பார்த்தார். மறுபடி 'இரண்டு'.

"யாரை ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒளிக்கல சார். மாற்றுக் குடியிருப்பாளர் அந்த அறையில இருக்காங்க. பாருங்க."

அவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். பிறகு நடுவியை அழைத்தார். ஆழ்நகரின் வழக்குகளைத் தீர்க்கும் இயந்திரம் நடுவி. அதற்கு இரக்கமும் இல்லை, பகையும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை மட்டும் வாசிக்கும்.

"இது ஏமாத்து வேலை. காளான் எப்படிக் குடியிருப்பாளராகும்?" என்றார் தனிஸ்லாஸ்.

சுவரிலிருந்து நடுவியின் குரல் வந்தது. "ஒப்பந்தம், முதல் விதி. குடியிருப்பாளர் என்பது வீட்டினுள் மூச்சுவிட்டுப் பாசிச்சுவரைப் பேணும் எந்த உயிரும். எழுதியது நிறுவனம்."

"அது பூனையை ஒளிச்சு வளக்கிறவங்களைப் பிடிக்க எழுதினது!"

"எதற்காக என்று எழுதப்படவில்லை."

"சரி. மாற்று ஆளை நிறுவனம் ஏத்துக்கணும். நான் ஏத்துக்கல."

"மறுப்புக்கு மூச்சு சார்ந்த காரணம் தேவை. முந்தைய மறுப்புகளில் நீங்கள் காட்டிய காரணங்கள் இரண்டு. இந்தக் குடியிருப்பாளர் குறட்டை விடுகிறாரா?"

அளவு கெடக் கூடாதென்று வாசலுக்கு வெளியிலேயே நின்ற இசக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இல்ல" என்றார் தனிஸ்லாஸ்.

"உயரம் கூடுதலா?"

அவர் ரத்து ஆணையை மடித்தார்.

"மாற்றுக் குடியிருப்பாளர் ஏற்கப்படுகிறார். இசக்கியம்மாளின் பதிவு இந்த நிமிடத்தில் விடுவிக்கப்படுகிறது. பெர்னதெத்தின் பதிவு தொடர்கிறது."

இசக்கி ஒரு கூச்சல் போட்டாள். பக்கத்து வீடுகளில் கதவுகள் திறந்தன.

தனிஸ்லாஸின் கழுத்து சிவந்திருந்தது. "நாளைக்கே ஆளை அனுப்பி அந்தப் பைகளை அள்ளிக் கடல்ல கொட்டச் சொல்றேன். அப்புறம் மூச்சளவி என்ன காட்டுதுன்னு பாப்போம்."

பெர்னதெத் அதற்குத் தயாராக இருந்தாள். நடுவியைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள். "எனக்குப் பாதுகாப்பு ஆணை வேணும். என் கூட்டுக் குடியிருப்பாளரை யாரும் வெளியேத்தக் கூடாது. நிறுவனமும் சரி, வேற யாரும் சரி. பட்டினி போட்டும் விரட்டக் கூடாது. அவங்களா விரும்பிப் போனாத்தான் உண்டு."

"நியாயமான கோரிக்கை" என்றது நடுவி. "ஆணை வழங்கப்படுகிறது. இது ஆழ்நகர் முழுவதற்கும் பொருந்தும்."

அன்று சமையற்கூடத்தில் மிளகு தூக்கலாகப் போட்ட காளான் வறுவல். சட்டியைச் சுற்றி முப்பது பேர். "கூடக் குடியிருக்கிறவங்களை வறுத்துத் தின்கிறது விதிப்படி சரியாட்டி?" என்று இசக்கி கேட்டாள். "குடையைப் பறிச்சா அதுக்கு முடி வெட்டுன மாதிரி. உயிரு பைக்குள்ள இருக்கு" என்றாள் சம்மனசு அக்கா. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

அடுத்த சில மாதங்களில் ஆழ்நகர் மாறிப்போனது. ஒத்துவராத ஆளுடன் மூச்சுக்காக மட்டும் ஒரே கூரையின் கீழ் கிடந்தவர்கள் விலகிப் போனார்கள். துணையை இழந்த ஒரு முதியவர் கரையேறாமல் தன் வீட்டிலேயே இருந்தார். முப்பத்தொரு வீடுகளில் இரண்டாவது மூச்சு காளானுடையது. யார் வழியில் பார்த்தாலும் பெர்னதெத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பங்குனியில் பவளம் முட்டையிட்டது. இளஞ்சிவப்பு மணிகள் கோடிக்கணக்கில் மேலெழும்பி, செத்த திட்டுக்கு மேலே மேகமாக நின்றன. பெர்னதெத் அதன் நடுவே கைகளை விரித்து மிதந்தாள். கடலுடுப்பின் முகக்கண்ணாடிக்குள் கண்ணீரைத் துடைக்க வழியில்லை. அவள் துடைக்க விரும்பவும் இல்லை.

சித்திரையில் ஒப்பந்தக் காலம் முடிந்தது. இரண்டு குடியிருப்பாளரில் எவரும் வெளியேறுவதாகக் கடிதம் தராததால் அது தானாகவே இன்னும் ஓராண்டுக்கு நீண்டது.

வைகாசியில் ஒருநாள் இறக்கியிலிருந்து இசக்கி இறங்கினாள். கையில் பெட்டி, தோளில் பை.

"லீவா?"

"இல்லட்டி. வந்துட்டேன். வானத்தை ஆசை தீரப் பாத்தாச்சு. அங்க ஒரு காத்தாடிக் கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் அரை மைல். பேச ஆளில்ல. நீரேத்தி வேலை காலியாத்தான் இருக்காம், கேட்டுட்டேன்."

பெர்னதெத் அவளைக் கட்டிக்கொண்டாள். எட்டு மாதமாக இரவுச் சாப்பாட்டைத் தனியே உட்கார்ந்து சாப்பிட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடந்தாள். வாசலில் இசக்கி மூச்சளவியில் நன்றாக இழுத்து ஊதினாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"இந்த வீட்டில் இரண்டு மூச்சும் நிறைந்திருக்கிறது" என்றது நடுவி.

"தெரியும்" என்றாள் பெர்னதெத். "காளானை நான் எடுத்துடறேன். இவ பழையபடி வந்துக்கிடட்டும்."

"கூட்டுக் குடியிருப்பாளரை வெளியேற்ற எவருக்கும் உரிமை இல்லை. பட்டினி போடவும் கூடாது. ஆணையைக் கோரியவர் நீங்கள்."

"வேற வீடு?"

"தனியாக ஒரு வீடு தரலாம். எழுபது பைகளுடன்."

இசக்கி பெர்னதெத்தைப் பார்த்தாள். பெர்னதெத் சுவரைப் பார்த்தாள். அது அடர்ந்து, செழித்து, குறையே இல்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

"இவ உள்ள வரணும்னா என்னதான் வழி?"

"கூட்டுக் குடியிருப்பாளர் முன்கூட்டியே வெளியேற விரும்புவதாகத் தானே தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் அன்றே பதிந்துகொள்ளலாம். பதினைந்து நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்."

பிறகு இசக்கி பையை இறக்கி வைத்துவிட்டு, விருந்தாளியாக வீட்டுக்குள் நுழைந்தாள். தன் பழைய அறைக் கதவைத் திறந்தாள். வெள்ளை வெளேரென்று ஒன்பது வரிசை. நடுவே இருந்த இடைவெளியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எதிரே இருந்த பையை நோக்கிக் குனிந்து, பேரம் பேசுகிறவளின் பொறுமையான குரலில் தொடங்கினாள்:

"சொல்லுங்க. நீங்க எப்போ கிளம்புறதா இருக்கீங்க?"