தாய்மாமன் மடியும் நட்சத்திரச் செல்லும்

செவ்வாய்க் குடியிருப்பில் காதுகுத்துக்குத் தாய்மாமனை வாடகைக்கு எடுப்பதுதான் வழக்கம். பூமியிலிருந்து மாமன்களை ஏற்றிவர ராக்கெட்டில் இடமேது? ஆகவே ‘மடிமாமன்’ என்றொரு ரோபோ. இளஞ்சூடான தொடை, குழந்தை சிணுங்கினால் தானாக ஆடும் முழங்கால்.

ஆனால் செங்கோடனோ அடுத்த குமிழ்வீட்டிலேயே குடியிருந்த அசல் தாய்மாமன். தங்கை மகள் பூவிழியின் காதுகுத்தன்று பட்டு வேட்டி சரசரக்க மணையில் உட்காரப் போனவரைத் தங்கை கணவன் பெரியதம்பி தடுத்தான்.

“மச்சான், உங்க தொடை நடுங்குதுங்க. ஊசி தப்பிப் போயிரும். ரோபோவே உக்காரட்டும்.”

பந்தலே சிரித்தது. செவ்வாயின் இரண்டு நிலாக்களும் சேர்ந்து சிரித்ததாகச் செங்கோடனுக்குப் பட்டது.

“உன்ன உடமாட்டேன்டா மாப்ளே!”

நேராக மூளை டாக்டர் மரகதவல்லியிடம் போனார். “எனக்குக் கோபம் ரெண்டு நாள்ல ஆறிப்போயிருமுங்க. இது ஆறக் கூடாது.”

டாக்டர் விளக்கினார். மூளையில் நரம்புச் செல்களைச் சுற்றி நட்சத்திரச் செல்கள் உண்டு. வெறும் முட்டுக்கொடுக்க இருப்பவை என்றே நெடுநாள் நினைத்தார்கள். அவற்றின்மேலும் ரசாயனச் செய்திகளை வாங்கும் ஏற்பிகள் இருக்கின்றன. கோபத்தில் நரம்புகள் கொட்டும் நாரட்ரினலின் என்ற ரசாயனத்தை அவையும் வாங்கி வாங்கிச் சேர்த்து, ஓரளவுக்குமேல் ‘போதும், விடு’ என்று சொல்லிவிடும். அந்த ஏற்பிகளை ஒரு மின்னணுச் சில்லால் மூடிவிட்டால் சலிப்பே வராது.

மூடிக்கொண்டார் செங்கோடன். அப்புறம் பார்க்க வேண்டுமே! பெரியதம்பி தலையணையில் தலை வைத்தால் போதும், அவன் வீட்டில் மட்டும் புழுதிப்புயல் எச்சரிக்கை அலறும். அவன் சமையல் ரோபோ ரசத்துக்கு இருமுறை உப்புப் போடும். எல்லாம் செங்கோடன் கைவரிசை. இப்படியே இருபது வருடம்.

ஒருநாள் அதே பூவிழி தன் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றாள். “நீங்க வரலீன்னா நான் தாலி கட்டிக்க மாட்டேன் மாமா.”

மனிதர் உருகிவிட்டார். பத்திரிகையைப் பிரிக்கக்கூட இல்லை, டாக்டரிடம் ஓடினார். “சில்லை எடுத்துருங்க. பேசாம ராசியாயிடறேன்.”

டாக்டர் மூளையைப் படமெடுத்துப் பார்த்துச் சிரித்தார். “அது பத்து நாள்ல கரையற சில்லுங்க. அப்பவே சொன்னேன், கோபத்துல நீங்க கேக்கல. ஏற்பியெல்லாம் திறந்தேதான் இருக்கு.”

“அப்ப இந்த இருபது வருசம்?”

“உங்க சொந்த உழைப்பு. நட்சத்திரச் செல்லுங்க போதும் போதும்னு கத்திக்கிட்டேதான் இருக்குது. காதுல வாங்கறது யாரு?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு செங்கோடன் பத்திரிகையைப் பிரித்தார். ‘தாய்மாமன்கள்’ என்ற தலைப்பின் கீழ் முதல் பெயர், கொட்டை எழுத்தில்: மடிமாமன். அதன் கீழே, பொடி எழுத்தில்: செங்கோடன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டர் பதறினார். “ஏனுங்க, வேற சில்லு வேணுங்களா?”

“அதெதுக்குங்க?” என்றார் செங்கோடன். “கல்யாணச் சமையலுக்கு எந்த ரோபோவப் போட்டிருக்காங்கன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க.”