பாறையில் ஒரு மஞ்சள் கோடு

சூப்பர்வைசரின் செல்போன் அலறியது.

காலை பத்து மணி. ஒரகடம். கார் பிரேக் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் மூன்றாவது லைன் நின்றது.

"பாண்டிச்செல்வி... உங்க அண்ணன்..."

சூப்பர்வைசர் தன் பைக் சாவியை அவள் கையில் திணித்தார்.

அரை மணி நேரத்தில் அவள் சேரப்பணஞ்சேரி தாண்டி, கைவிடப்பட்ட கல்குவாரியின் விளிம்பில் நின்றாள். எண்பதடி கீழே ஒரு வெள்ளைத் துணி.

துணிக்கு அடியில் வேல்ராஜ்!

அதே தொழிற்சாலையில் போல்ட் முடுக்குபவன். லீவு நாளெல்லாம் இந்தப் பாறையில் கயிறு கட்டி இறங்கிப் பழகியவன். அடுத்த மாதம் மேகாலயா குகைகளுக்குள் இறங்கப் போகும் நண்பர் குழுவுக்கு அவன்தான் தலைவன். இன்று மதியம்தான் ஷிஃப்ட் என்பதால் காலையில் தனியாக வந்திருக்கிறான்.

இன்ஸ்பெக்டர் காந்திமதி ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே இரண்டு போல்ட்டுகள், கயிறு மாட்டும் தகடுகளோடு.

"பாறையில துளை போட்டு ஒரு குழாயைப் பதிக்கணும். அதுக்குள்ள இந்த போல்ட்ட முடுக்கி, கயித்த மாட்டணும். ஒன்னு போனா இன்னொன்னு தாங்கும். கரெக்டாம்மா?"

"ஆமா மேடம்."

"ரெண்டுமே புடுங்கிக்கினு வந்துடுச்சு. குட்டை போல்ட்டு! ரெண்டே புரிதான் புடிச்சிருக்கு. உங்க அண்ணனோட அஜாக்கிரதை. சாயந்திரம் ஃபைலை மூடிடுவேன்."

"எங்க அண்ணனா?" அவள் நிமிர்ந்தாள். "பாறையச் சுத்தியலால தட்டிப் பாப்பான் மேடம். ணங்குன்னு கேட்டாத்தான் துளை போடுவான். பொத்துன்னு கேட்டா தள்ளிப் போயிருவான். துளைக்குள்ள தூசி இருக்கக் கூடாதுன்னு நாலு தடவை ஊதுவான். ஆறிப்போன இட்லியக்கூட ஊதித்தான் திங்கிறவன்! அவனா குட்டை போல்ட்டு போடுவான்?"

பின்னால் ஒரு விசும்பல்.

விஜய். படப்பைக்காரன். செய்தி கேட்டு ஓடிவந்தவன். தொழிற்சாலையில் க்வாலிட்டி செக்கர். குகைக் குழுவில் வேல்ராஜுக்கு அடுத்தவன்.

"இன்னா சொல்றது தங்கச்சி... நான் இந்தப் பக்கம் வந்தே ரெண்டு வாரம் ஆவுது. கூட இருந்திருந்தா தடுத்திருப்பேனே!"

பாண்டிச்செல்வி கவரைத் திருப்பினாள். போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரை ஒரு மஞ்சள் கோடு. முடுக்கி முடித்ததும் பெயின்ட் பேனாவால் கோடு போட வேண்டும். போல்ட் தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். லைனில் அதுதான் முறை. அண்ணன் பாறையிலும் அதையே செய்தான்.

கோட்டின் நுனியில்...

அவள் கவரைக் கண்ணருகே கொண்டுபோனாள்!

"மேடம்... கொஞ்சம் தள்ளி வாங்க."

ஜீப்புக்குப் பின்னால் ஐந்து நிமிட முணுமுணுப்பு. திரும்பி வந்த காந்திமதி குரலை உயர்த்தினார்.

"விஜய்! வேல்ராஜோட போன் பாதி வழியில ஒரு திட்டு மேல கெடக்குது. ஃபயர் சர்வீஸ் வர லேட் ஆவும். நீ எறங்கி எடுத்துக் குடுப்பியா?"

விஜயின் கண்ணீர் சட்டென்று நின்றது.

"போனா? தோ... இப்பவே மேடம்!"

சற்றுத் தள்ளி வேல்ராஜ் பதித்துவைத்த வேறு இரண்டு குழாய்கள் இருந்தன. விஜய் வேல்ராஜின் பையிலிருந்து போல்ட்டுகளை எடுத்தான். விரலால் நீளம் பார்த்தான். முடுக்கினான். இழுத்துப் பார்த்தான். மஞ்சள் பேனா இரண்டு முறை சரசரவென்று ஓடியது.

பையிலிருந்த இன்னொரு கயிற்றை எடுத்தான்.

"நிறுத்து!" காந்திமதி குனிந்தார். "கோடு சரி. அதும் பக்கத்துல இன்னா வெச்ச?"

விஜய் பார்த்தான்.

இரண்டு போல்ட்டுகள். இரண்டு கோடுகள். ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு மஞ்சள் புள்ளி!

"அது... பழக்கம் மேடம். கை தானா..."

"முடுக்குற நாங்க கோடு போடுவோம்." பாண்டிச்செல்வி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "சரிபாத்ததுக்கு அடையாளமா செக்கருதான் புள்ளி வைப்பாவ. எங்க அண்ணன் வாழ்க்கையில புள்ளி வெச்சதில்ல. குழுவுல செக்கரு நீங்க ஒருத்தர்தான். ரெண்டு வாரமா வராதவரோட புள்ளி, அந்தக் குட்டை போல்ட்டுல எப்படிண்ணே வந்துச்சு?"

விஜய் கட்டைவிரலால் புள்ளியைத் தேய்த்தான்.

"காலையில அண்ணன் அந்தக் கோட்டைத்தான் பாத்திருப்பான். உடையலியே, நாம முன்னாடி முடுக்கிவெச்ச போல்ட்டுதானேன்னு நம்பித்தான் எறங்கியிருப்பான்..." அவள் புது போல்ட்டுகளைக் காட்டினாள். "உங்க உசுருன்னதும் நீள போல்ட்டாப் பாத்து எடுத்தீங்களே!"

"போன்... திட்டு மேல..."

"திட்டு மேல ஒன்னும் கெடையாதுப்பா!" காந்திமதி தன் பாக்கெட்டிலிருந்து ஒரு செல்போனை எடுத்தார். "காலையிலயே பாடிகிட்ட கெடைச்சுது. லாக்கை இப்பத்தான் தங்கச்சி தொறந்துச்சு. நீ பார்க்காமலே புள்ளி வெச்சு அனுப்புன ஓட்டை பிரேக்குங்க... வரிசையா போட்டோ புடிச்சு வெச்சுக்கீறான். 'நாளைக்கு மேனேஜர்கிட்ட காட்டப் போறேன்'னு நேத்து மத்தியானம் உனக்கே மெசேஜ் போட்டுக்கீறான். சாயந்திரமே வந்து போல்ட்ட மாத்திட்ட... இல்ல?"

விஜய் அப்படியே பாறை மேல் உட்கார்ந்துவிட்டான்.

"வேலை போயிடும்னு... புள்ளகுட்டிக்காரன் மேடம்..."

பாண்டிச்செல்வி அதைக் கேட்கவில்லை. போல்ட் பிடுங்கிக்கொண்ட அந்தக் காலித் துளைகளுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். ஒன்றுக்குள் ஊதினாள். இன்னொன்றுக்குள் ஊதினாள்.

ஒரு துளி தூசிகூடப் பறக்கவில்லை. அவ்வளவு சுத்தம்!

கான்ஸ்டபிள் விலங்கோடு வந்தார். "மேடம், இவனை இன்னா பண்றது?"

"ரிஜெக்ட் பீஸ்யா. வண்டியில ஏத்து." காந்திமதி தொப்பியைச் சரிசெய்தார். "ஆனா நாங்க நல்லா பார்த்துட்டுத்தான் அனுப்புறோம்!"