பொத்தான் யார் கையில்?

அய்யாக்கண்ணு முந்திரி உடைக்கும் மெஷின் ஒன்று செய்திருந்தார். செய்திருந்தார் என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. ஆலங்குடியில் அந்த மெஷின் உடைத்த முதல் கொட்டையின் ஓடு பறந்துபோய், கீரனூரில் பஸ்ஸுக்கு நின்றவரின் தொப்பியில் உட்கார்ந்துகொண்டு, டிக்கெட் எடுக்காமல் திருச்சி வரை போனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அதனால் மெஷினுக்கு ஓர் இரும்பு மூடி போட்டார். வம்பே அங்கேதான் ஆரம்பித்தது. உள்ளே கத்தி எங்கே இருக்கிறது, விரல் எங்கே நிற்கும் என்பது யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துக் கொட்டகையில் முந்திரி உடைக்கும் பெண்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

“விரலு போயிருமோ?” என்பார்கள். திரும்பிப் போய்விடுவார்கள்.

“இந்த வாரத்துக்குள்ள யாரும் மெஷின் வேணும்னு சொல்லலைன்னா, மறுபடி துபாய்க்கே போக வேண்டியதுதான்,” என்றார் அய்யாக்கண்ணு.

ஆறாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் சுடர்விழி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். அப்பா மூன்று வருஷம் செல்போன் திரைக்குள்ளேயே இருந்தவர். இப்போதுதான் முழு ஆளாக வெளியே வந்திருக்கிறார்.

“மூடிக்குள்ள இருக்கறத நான் படமாக் காட்டுறேன்ப்பா,” என்றாள்.

பன்னிரண்டு படங்கள் வரைந்தாள். டியூஷன் சென்டரில் ஒரு டச் ஸ்கிரீனை இரவல் வாங்கி, படங்களை அதில் ஏற்றி, மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். காலால் பெடலை மிதித்தால் கத்தி இறங்குவது, விரலுக்கு முன்னால் ஒரு தடுப்பு நிற்பது, எல்லாம் அதில் இருந்தன.

திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்துக்குக் காலாண்டு லீவு. ஐந்து நொடிக்கு ஒரு படம் தானாகவே மாறும்படி செய்திருந்தாள். டீ இடைவேளையில் பெண்கள் வந்தார்கள்.

“அந்தா, அது கத்தியா?” என்று அழகி அத்தை கேட்டு முடிப்பதற்குள் படம் மாறிவிட்டது.

“எங்கடி போச்சு?”

“போயிருச்சுக்கா. ஒன்னய மாதிரி அதுக்கும் அவசரம்,” என்றார் செல்வராணி அத்தை.

எல்லாரும் சிரித்துவிட்டுக் கிளம்பினார்கள். கத்தியைப் பற்றி யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ‘அடுத்து’, ‘முந்தையது’ என்று இரண்டு பொத்தான்களைத் திரையில் வைத்தாள். ஒவ்வொன்றும் இட்லி அளவு. இல்லை, இட்லித் தட்டு அளவு! ஆனால் ஒருத்தரும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் படத்தையே கால் மணி நேரம் பார்த்தார்கள்.

“ஏ அத்தே, தொடுங்களேன்!”

அழகி அத்தை கையை விரித்துக் காட்டினார். மணிக்கட்டு வரை சாம்பல். முந்திரி ஓட்டில் வரும் எண்ணெய் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். அதற்காகத்தான் சாம்பல் பூசிக்கொண்டு உடைப்பார்கள்.

“இந்தக் கையோட தொட்டா ஒன் டிவிக்குத் திருநீறு பூசுன மாதிரி ஆயிரும். கழுவிட்டு வந்து, பெறகு மறுபடி பூசுறதுன்னா இடைவேளையே முடிஞ்சுரும் ஆத்தா.”

புதன்கிழமை சுடர்விழியே பொத்தானை அழுத்தினாள். பன்னிரண்டு படமும் ஓடின. எல்லாரும் தலையாட்டினார்கள்.

“புரிஞ்சுச்சா?”

“புரிஞ்சுச்சு, புரிஞ்சுச்சு. வாரோம்.”

வாசலைத் தாண்டியதும் செல்வராணி அத்தை மெதுவாகக் கேட்பது காதில் விழுந்தது. “விரலு எங்கக்கா இருந்துச்சு?”

“எனக்கும் தெரியல. பச்சப்புள்ள மூச்சு வாங்க வாங்கச் சொல்லுது. திருப்பிக் காட்டுன்னு எப்படிக் கேக்குறது?”

சுடர்விழிக்கு வருத்தம் வரவேண்டியது. அதற்குப் பதில் ஆச்சரியம் வந்தது. ஓ! பொத்தான் என் கையில் இருந்தால், அவர்கள் கேட்கவே மாட்டார்களா? அப்படியென்றால் பொத்தான் அவர்களிடம்தான் இருக்க வேண்டும். ஆனால் கையில் சாம்பல். கை இல்லாமல் எதைக் கொண்டு அழுத்துவது? மூக்கால் அழுத்தச் சொல்லலாமா என்றுகூட யோசித்தாள். தானே அழுத்திப் பார்த்தாள். மூன்று படங்கள் தாண்டிப் போயின.

பிறகு கீழே பார்த்தாள்.

“அப்பா! அவங்களுக்கு ரெண்டு கையிலதான சாம்பல்? காலு சும்மாதான இருக்கு?”

அய்யாக்கண்ணு ஒரு பழைய மவுஸைப் பிரித்தார். மகள் சொன்னபடி, அதன் இரண்டு பொத்தான்களிலிருந்தும் ஒயர் இழுத்து, தரையில் இரண்டு பெடல்களோடு சேர்த்தார். வலதை மிதித்தால் அடுத்த படம். இடதை மிதித்தால் முந்தைய படம்.

வியாழக்கிழமை அழகி அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, பயந்துகொண்டே வலது பெடலை மிதித்தார். கத்தி இறங்கியது. இடதை மிதித்தார். கத்தி ஏறியது. அவ்வளவுதான்! இறக்கினார், ஏற்றினார், இறக்கினார், ஏற்றினார். அந்தப் படக் கத்தி அன்றைக்கு ஏறி இறங்கிய தூரத்துக்குக் கோட்டைப்பட்டினத்துக்கு நாலு தடவை போய் வந்திருக்கலாம்.

“நிறுத்துக்கா! அந்தா, விரலுக்கு முன்னால ஒரு தகடு நிக்கிதுல்ல?” என்றார் செல்வராணி அத்தை.

“ஆமாடி! கத்தி வரவே முடியாதுடி அங்கிட்டு!”

“எங்கிட்டக் குடுக்கா, நான் மிதிக்கிறேன்.”

“இருடி, நீ நாளைக்கு மிதி!”

சுடர்விழி பெடல் பக்கமே போகவில்லை. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அழகி அத்தை திரையை விட்டுவிட்டு நேராக மெஷினிலேயே போய் உட்கார்ந்தார். ஒரு கொட்டையை வைத்தார். மிதித்தார். டக்! பருப்பு முழுசாக வந்தது. பத்து விரலையும் எண்ணிப் பார்த்தார். பத்தும் இருந்தன.

“எங்க கொட்டகைக்கு எட்டு மெஷின் வேணுமே அண்ணே. எப்பத் தருவீங்க?”

அய்யாக்கண்ணு விரல் விட்டு எண்ணினார். “எட்டா? ஒத்த ஆளாச் செய்யணும். சித்திரை பொறந்துரும் அழகி.”

“பரவாயில்ல, செய்யுங்க.”

சித்திரைக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. அதுவரை துபாய் இல்லை. சுடர்விழி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள்:

“அப்பா, கொஞ்சம் மெதுவாவே செய்யுங்களேன்.”