காணாமல் போன கார்புரேட்டர்

ஞாயிறு, காலை ஒன்பது மணி.

மகள் காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள். சட்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல் எஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த ஏர் ஃபில்டரை இரண்டு கைகளாலும் எடுத்தாள். அதற்குக் கீழே, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் இருக்க வேண்டும். இல்லை. அந்த இடத்தில் ஒரு காலி பெயின்ட் டப்பா, அளவெடுத்துச் செய்ததுபோல் கச்சிதமாக நின்றுகொண்டிருந்தது.

"அண்ணா!" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது.

பெட்ரோல் கேனும் கையுமாக அப்போதுதான் ஷெட்டுக்குள் நுழைந்த மகன் எட்டிப் பார்த்தான். அவன் பின்னால் தாய்மாமா. விபத்தான கார்களைப் பார்த்து நஷ்டம் மதிப்பிடுவது அவருடைய தொழில். ஒரு நெளிசலைத் தடவிப் பார்த்தே இடித்தவன் எந்தப் பக்கமிருந்து வந்தான், எந்த வேகத்தில் வந்தான், இப்போது எவ்வளவு பொய் சொல்கிறான் என்று சொல்லிவிடுவார். அதனால் குடும்பத்தில் அவர் பெயர் நெளிசல் மாமா. பழைய கார் மறுபடி உயிர் பெறுவதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்.

"யாரும் எதையும் தொடாதீங்க," என்றவர், குனிந்து பார்த்தார்.

டப்பாவுக்கு அடியில், எஞ்சினுக்குள் தூசி இறங்காதபடி துவைத்த துணி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. கழற்றிய நட்டுகள் அதனதன் இடத்திலேயே திரும்ப முடுக்கப்பட்டிருந்தன. பெட்ரோல் வரும் குழாயின் முனையில், ஒழுகாமல் இருக்க, துணி சுற்றிய ஒரு போல்ட் செருகியிருந்தது.

"மரியாதை தெரிஞ்ச திருடன்," என்றார் மாமா. "பூட்டு?"

"நல்லாத்தான் இருக்கு. நேத்து நான்தான் பூட்டினேன். சாவி என் தலையணைக்கு அடியில," என்றாள் மகள்.

அது அப்பாவின் கார். அப்பா வாகன அலுவலகத்தில் லைசென்ஸ் பரீட்சை நடத்தும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அந்தக் காரை அதிகம் திட்டியவள் அம்மாதான். ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும். அம்மா இறங்கி, "மூணாவது பிள்ளைக்குச் சாப்பாடு பத்தலை," என்று சொல்லிக்கொண்டே தள்ளுவாள். பின்சீட்டில் அண்ணனும் தங்கையும் நடுவில் ஒரு துண்டைப் போட்டு எல்லை வகுத்திருப்பார்கள். எல்லை தாண்டிய காலுக்குக் கிள்ளு. மழைக்காலத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே நனைந்த ரெக்ஸினும் பெட்ரோலும் ஆரஞ்சுத் தோலும் கலந்த ஒரு வாசனை நிற்கும். அந்த வாசனைக்கு வேறு எங்கும் விலாசம் கிடையாது.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களில், ஆபரேஷன் செய்யலாமா கூடாதா என்று அண்ணனும் தங்கையும் வாய்ச்சண்டை போட்டார்கள். அம்மா போன பிறகும் சண்டை போகவில்லை. பேச்சு நின்றது. கார் தார்ப்பாயின் கீழ் போனது. வருடங்கள் கழித்து அப்பா இருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்தார். "வண்டியை எலி கடிக்குது. வந்து என்னன்னு பாரு." இருவரும் வந்தார்கள். முதல் ஞாயிறு முழுக்க அவர்கள் பேசிக்கொண்டது, "அந்த ஸ்பேனரை எடு," மட்டும்தான். பிறகு வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தை கூடியது.

அவள் எலக்ட்ரிகல் என்ஜினியர். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், சீட் பெல்ட், பிரகாசமான விளக்குகள், மின்சார பெட்ரோல் பம்ப் எல்லாம் அவள் வேலை. அவனுக்கோ ஒவ்வொரு திருகாணியும் பழையதாகவே இருக்க வேண்டும். கார்புரேட்டரைத் தூக்கிவிட்டுப் புது முறைக்கு மாற்றலாம் என்று அவள் சொன்னபோது, "என் பிணத்து மேல மாத்து," என்றான். சரி, முதல் ஓட்டம் பழையதோடு என்று சமாதானம் ஆயிற்று. முதலில் ஓட்டுவது அப்பா. தெருவுக்கே சொல்லி வைத்திருந்தார்கள்.

இப்போது அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நான் மாத்திடுவேன்னு பயந்து நீதானே ஒளிச்சு வச்ச?"

"ஆமா. பெயின்ட் டப்பாவில வண்டி ஓட்டிப் பாக்கலாம்னு ஆசை."

"எல்லாத்துலயும் இப்படித்தான். அம்மா விஷயத்துலயும் இப்படித்தான்."

அவன் கேனைக் கீழே வைத்தான். உள்ளே போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்தான். வாசலில் மாமா குறுக்கே நின்றார்.

"சாப்பாட்டு நேரம் வரைக்கும் பொறு. அதுக்குள்ள எடுத்தது யாருன்னு நான் சொல்லலைன்னா நானே உன்னை பஸ் ஏத்தி விடறேன்."

மாமா உள்ளே போனபோது, சாப்பாட்டு மேஜையில் அப்பா பேப்பரும் காபியுமாக இருந்தார். சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். மாமாவுக்கு ஒரு டம்ளரில் காபி ஊற்றினார், டம்ளரின் விளிம்பில் ஒரு விரலை வளைத்துப் பிடித்தபடி.

"போலீஸ் கீலீஸ்னு போகாதே மச்சான். ஒரு இரும்புத் துண்டு. இன்னொரு நாள் ஓட்டிக்கலாம்," என்றார், மாமாவின் காதைப் பார்த்து.

"இரும்புத் துண்டு கிடைச்சுடும் அத்தான். பிள்ளைங்க போனா கிடைக்காது," என்றார் மாமா.

காபியைக் குடித்துவிட்டு மறுபடி ஷெட்டுக்கு வந்தார்.

"நீ கடைசியா எப்ப கார்புரேட்டரைப் பாத்த?" என்று மகளைக் கேட்டார்.

"நேத்து பொழுது சாயும்போது. முன்கண்ணாடியைத் துடைச்சேன், பானெட்டைத் திறந்து ஒரு தடவை பாத்தேன், பூட்டினேன்."

"பாத்தது கார்புரேட்டரையா, ஃபில்டரையா?"

"ஃபில்டரை."

"ராத்திரி பூட்டைத் திறந்து வந்தவனா இருந்தா, அவனுக்கு இந்த டப்பா எதுக்கு? எடுத்துக்கிட்டுப் போயிட்டே இருப்பான். நீ திறந்து பாப்பேன்னு தெரிஞ்ச ஆள், நீ ஏமாறணும்னு வச்ச டப்பா இது. நீ பூட்டறதுக்கு முன்னாடியே பொருள் போயாச்சு. அதை நிஜமா கையால தொட்டது எப்ப?"

"மத்தியானம். வெல்டிங் பண்ணின டிங்கர் பெட்ரோல் டேங்க்கைத் திரும்ப மாட்டிட்டுக் கிளம்பினார். நான் பல்பு வாங்கக் கடைக்குப் போனேன்."

"கண்ணாடியில என்ன துடைச்ச?"

"டிங்கர் சாக்பீஸால எழுதி வச்சிருந்தார். 'டேங்க் காலி'ன்னு, கொட்டை எழுத்துல."

மாமா பிறகு யாரையும் அதிகம் கேட்கவில்லை. எல்லோரிடமும் அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் கேட்டார்.

தெருமுனைப் பட்டறையில் டிங்கர் சுத்தியலைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். "டேங்க்கை வெல்டிங் பண்ணி, காய வச்சு மாட்டினேன் சார். ஒரு சொட்டு கிடையாது. அவசரக்குடுக்கை யாராவது பம்பைப் போட்டா எரிஞ்சு போயிடும். அதான் எழுதினேன். அங்கிருந்து நேரா இங்க வந்துட்டேன்."

எதிர்வீட்டு வக்கீல் பழைய கார் சாமான்களைச் சேர்ப்பவர். மகளுக்கு அவர் மேலும் சந்தேகம் இருந்தது. "நேத்து மூணு மணிக்குப் போனேன். ஷெட்ல ஆள் இல்லை. வெளிய நின்னே பாத்தேன். டேங்க் காலின்னு எழுதியிருந்தது. என் டேங்க்கும் காலிதான்னு நினைச்சுக்கிட்டு, உள்ள போய் உங்க அத்தான்கிட்ட காபி வாங்கிக் குடிச்சேன். சந்தேகம்னா என் வீட்டைச் சோதனை போடுங்க. வாரண்ட் கேக்க மாட்டேன்."

மகன் பையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். "மாடியில தூங்கிட்டேன் மாமா. எழுந்து வந்தப்ப கண்ணாடியைப் பாத்தேன். அதைப் படிச்சுட்டுத்தானே இன்னைக்குக் காலையில கேனைத் தூக்கிட்டு ஓடினேன்?"

மாமா உள்ளே போனார். கதவைச் சாத்தினார். அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"அத்தான், நேத்து முன்கண்ணாடியில என்ன எழுதியிருந்தது?"

அப்பா பேப்பரில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். "என்னமோ எழுதியிருந்தான். வண்டி நம்பரா இருக்கும்."

"கையில இருக்கறது நேத்துப் பேப்பர் அத்தான்."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

மாமா தாழ்ந்த குரலில் சொன்னார்: "கார்புரேட்டரை எடுத்தவர் பெட்ரோல் குழாயை அடைச்சார். நல்ல பழக்கம்தான். ஆனா டேங்க்ல பெட்ரோலே இல்லை. காலி டேங்க்கோட குழாயை எதுக்கு அடைக்கணும்? டிங்கருக்கு அது காலின்னு தெரியும். மகளுக்குத் தெரியும். வக்கீலும் உங்க மகனும் படிச்சிருக்காங்க. பானெட்டைத் திறக்கணும்னா காருக்கு முன்னாடிதான் நிக்கணும், முகத்துக்கு நேரா அவ்வளவு பெரிய எழுத்து. அதைப் பாத்தும் படிக்க முடியாதவர் ஒருத்தர்தான் அந்தக் குழாயை அடைச்சிருக்கணும். கழற்றினதெல்லாம் கைப்பழக்கத்துல. அத்தனை வருஷம் தொட்டுப் பழகின கைக்குக் கண் வேண்டாம். நீங்கதான் அத்தான் எடுத்தீங்க. எப்பத்திலிருந்து கண் தெரியலை?"

அப்பா காபி டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"நடுவுல மட்டும் அறுவடை ஆன வயல் மாதிரி, அங்க ஒண்ணும் இல்லை மச்சான். ஓரத்துல எல்லாம் தெரியும். உன் காது தெரியுது, முகம் தெரியலை. போன வருஷத்துலேர்ந்து."

"சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட? மகள் அவ வீட்டுக்குக் கூப்பிடுவா. மகன் அவன் வீட்டுக்குக் கூப்பிடுவான். அப்பா யார்கிட்டன்னு அடுத்த சண்டை. இந்த வீட்ல எனக்கு ஒவ்வொரு சுவரும் கைக்குத் தெரியும். சமாளிச்சுட்டேன். ஆனா முதல்ல நான்தான் ஓட்டணும்னு தெருவையே கூட்டிட்டாங்க." அவர் மேஜையைத் தடவினார். "தூரத்துல இருக்கற போர்டைப் படின்னு சொல்லி, படிக்க முடியாத எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா? அழுவாங்க, கெஞ்சுவாங்க. கண் இல்லாதவன் கையில வண்டி கொலைக் கருவின்னு சொல்லுவேன். இப்ப நான் போய் அந்த சீட்ல உக்காரறதா? கார்புரேட்டர் ஒண்ணுதான் சட்டுனு வாங்க முடியாத சாமான். அது இல்லைன்னா இன்னும் சில மாசம் தள்ளிப் போகும்னு நினைச்சேன்."

"பையை எடுத்துட்டான் அத்தான், உங்க மகன்."

"கேட்டுச்சு."

அப்பா எழுந்தார். படுக்கையறைக்குப் போய், அலமாரியின் கீழ்த்தட்டில் துழாவி, அம்மாவின் பழைய ஸ்வெட்டரில் சுற்றிய ஒரு கனத்த பொருளை எடுத்துக்கொண்டு நேராகப் படிக்கட்டுக்கு நடந்தார். மாமா கூடப் போகவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

அப்பா என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. ஷெட்டிலிருந்து வந்த மகள் முதலில் கோபப்பட்டாள். "ஒரு வருஷமா? நான் வாராவாரம் வந்தேனேப்பா!" என்று கத்தினாள். பிறகு அவர் முகத்தை இரண்டு கைகளிலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். மகன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். சற்று நேரம் கழித்து அவள் அவனிடம் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அண்ணா, தெரியாம பேசிட்டேன். பையை உள்ள வை."

சாயங்காலம் எஞ்சின் இருமி, துப்பி, கறுப்புப் புகை விட்டு, பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. தெருவில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். யார் ஓட்டுவது என்று வக்கீல் கேட்டார். "நாளைக்கு ஓட்டறோம். கண் ஆஸ்பத்திரிக்கு," என்றார் அப்பா, எல்லோருக்கும் கேட்கும்படி.

திங்கட்கிழமை மகள் ஓட்டினாள். அப்பா பக்கத்தில். மகன் பின்சீட்டில் தனியாக, இரண்டு பக்கமும் காலை நீட்டிக்கொண்டு. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. போன பார்வை வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், ஊசி போட மாதாமாதம் வர வேண்டும். யார் அழைத்து வருவது என்று கேட்டார். "நான்," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

திரும்பும் வழியில் அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டார். "என்னென்ன வருதுன்னு சொல்லிக்கிட்டே வாங்க," என்றார்.

மகள் சொன்னாள். பேக்கரி, பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடச் சுவர், குடையோடு ஒரு ஆள்.

"இப்ப அம்மாவுக்குப் பிடிச்ச தியேட்டர்ப்பா," என்றான் மகன் பின்னாலிருந்து. "அப்படியே இருக்கு."

மகள் கண்ணாடி வழியாக அவனை முறைத்தாள். அங்கே தியேட்டர் இல்லை.

"அப்படியேவா?"

"ஆமாப்பா."

"என்ன படம் போட்டிருக்கான்?"

மகன் திணறினான். அப்பா குலுங்கிச் சிரித்தார். அம்மா போனதிலிருந்து அந்தச் சிரிப்பை இருவரும் கேட்டதில்லை.

"டேய், அதை இடிச்ச அன்னைக்கு நானும் உங்கம்மாவும் இதே காரை இதே இடத்துல நிறுத்திப் பாத்தோம்டா. அவ அழுதா. வீட்டுக்குப் போற வரைக்கும் அழுதா." சிரிப்பு அடங்கக் கொஞ்ச தூரம் ஆனது. "இனிமே எனக்கு நீங்கதான் கண்ணு. உள்ளதை உள்ளபடி சொல்லணும். என்ன இருக்கு அங்க?"

மகன் ஜன்னலில் சாய்ந்து, பின்னால் போய்க்கொண்டிருந்த கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"போன் கடைப்பா. பச்சையில பெரிய போர்டு. பாக்க ரொம்ப அசிங்கமா இருக்கு."

"அப்படிச் சொல்லு," என்றார் அப்பா. "அடுத்தது?"